இரண்டு இரவு ஏலகிரியா, இரண்டு பகல் பள்ளி அரங்கமா?

ரோட்டரியின் மாணவர் பிரிவான எங்கள் இன்டராக்ட் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறோம். பொறுப்பாசிரியராக நான்கு முறை கூடவே இருந்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டு வேலூரிலேயே, பள்ளி அரங்கில், சனியும் ஞாயிறும் காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை. அடுத்த இரண்டு ஆண்டு ஏலகிரியில்: வெள்ளி சாயங்காலம் போய்ச் சேர்ந்து, ஞாயிறு மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பும் தங்கல் முகாம். இந்த ஆண்டும் ஏலகிரிதான் என்று முடிவாகிவிட்டது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் காரணம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

செலவில் அரங்கத்தை அடித்துக்கொள்ள முடியாது. மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, பயிற்சியாளருக்கு வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து தலைக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது. ஏலகிரிக்குப் பேருந்து, தங்கல், ஆறு வேளைச் சாப்பாடு என்று 1,900 வரை வந்தது. பாதியை எங்களை நடத்தும் ரோட்டரி சங்கம் கொடுத்ததால் சமாளித்தோம். அனுமதி வாங்குவதும் அரங்கத்துக்கு எளிது. மலையின் காற்று, காட்சி, புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அதற்காக மட்டும் யாரும் இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டாம்.

கற்றுக்கொடுக்கும் நேரத்திலும் மலை முந்தவில்லை. இடைவேளைகளைக் கழித்தால் அரங்கத்தில் பதினோரு மணி நேரம் வகுப்பு நடந்தது, ஏலகிரியில் பத்துதான். மேடைப் பேச்சு, கூட்டம் நடத்துவது, திட்டம் போடுவது என்று பாடங்களும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் வித்தியாசம் எங்கே? வெள்ளி மாலை ஆறு முதல் ஞாயிறு மதியம் இரண்டு வரை 44 மணி நேரம். அதில் வகுப்பு பத்து மணி போக மீதி 34 மணி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லாத நேரம். நான் மலையைத் தேர்ந்தெடுத்தது அந்த 34 மணிக்காக.

அரங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு குழுவுக்குள் சண்டை. மரக்கன்று நடும் திட்டத்தை யார் முன்வைத்துப் பேசுவது என்பதுதான் விஷயம். ஒருவன் எல்லா வேலையையும் செய்திருந்தான், இன்னொருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டான். நான் பேசி முடிப்பதற்குள் நாலரை ஆகிவிட்டது. வாசலில் அப்பாக்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. இருவரும் ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள் காலை ஒருவன் வேறு குழுவுக்கு மாற்றிக் கேட்டான், நானும் மாற்றிவிட்டேன். சண்டை அங்கேயே நின்றது. ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்பதைத்தான் அன்றைக்கு அவர்கள் கற்றார்கள். அது என் தவறு.

ஏலகிரியில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சண்டை வந்தது. ஆனால் அந்த இருவருக்கும் பாய் பக்கத்துப் பக்கத்தில். இரவுச் சாப்பாட்டுக்குப் பரிமாறும் முறையும் அவர்கள் குழுவுடையது. பேசாமல் இருக்க முடியவில்லை. சாம்பார் வாளியை ஒருவன் பிடிக்க, இன்னொருவன் ஊற்றியாக வேண்டும். படுக்கப் போகும் முன் கைப்பிடிச் சுவரில் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. காலையில் மேடையில் இருவரும் சேர்ந்தே பேசினார்கள், பாதி பாதியாக.

அதே இரவு நடந்த இன்னொன்றையும் மறக்க முடியாது. பந்தி பாதி நடக்கும்போதே சாம்பார் குறைவது தெரிந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னும் எத்தனை பேர் சாப்பிடவில்லை என்று தலை எண்ணினாள். பெரிய கரண்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பொரியல் பாத்திரத்தில் கிடந்த சின்னக் கரண்டியைக் கழுவிக் கொண்டுவந்து வாளியில் போட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பிள்ளை வரைக்கும் சாம்பார் வந்தது. அன்று காலை மேடையில் அருமையாகப் பேசிக் கைதட்டு வாங்கிய பையன் தட்டு கழுவும் முறை வந்தபோது ஆளையே காணோம். அரங்கத்தில் நடந்திருந்தால் அந்தப் பையனைத்தான் அடுத்த தலைவனாகக் குறித்து வைத்திருப்பேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட என் நினைவில் நின்றிருக்காது. இப்போது எங்கள் சங்கத்தின் செயலாளர் அவள்தான்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சோதனை முகாமில் சுமார் இருபது பையன்கள்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்துக் கூடாரத்தில் தங்கவைத்தார். சாரணர் இயக்கத்தின் அணி முறை அங்கிருந்து வந்தது. எங்கள் முகாமிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளும் கலந்து வருகிறார்கள். அரங்கத்தில் மதிய இடைவேளை வந்ததும் அவரவர் பள்ளி நண்பர்களோடு போய் ஒட்டிக்கொண்டார்கள். மலையில் முதல் இரவு அப்படித்தான் இருந்தது, இரண்டாவது இரவு அப்படி இல்லை. அதனால் ஓர் இரவு முகாம் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் இரவு யாரும் தூங்குவதில்லை, சிரிப்பும் கூச்சலும்தான். பழகுவது இரண்டாவது நாளில்தான் தொடங்குகிறது.

சரி, மலையில் குறையே இல்லையா? இருக்கிறது. முதல் ஆண்டு நாங்கள் தங்கிய இடத்தில் ஞாயிறு காலை தண்ணீர் நின்றுவிட்டது. நாற்பது பிள்ளைகள், இரண்டு குடம் தண்ணீர். அடுத்த முறை முன்கூட்டியே போய்த் தொட்டியையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தோம். பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் இருக்கும் தளத்தில் இரண்டு ஆசிரியைகள், பையன்கள் தளத்தில் இரண்டு ஆசிரியர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது, வெளியிலிருந்து வரும் பயிற்சியாளருக்கும் இதே விதி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி, சுவரிலும் ஒட்டுகிறோம். இதற்கெல்லாம் ஆள் கிடைக்காத பள்ளி, அரங்கத்திலேயே நடத்துவது நல்லது. இதை மனதாரச் சொல்கிறேன்.

இன்டராக்டில் பன்னிரண்டு வயதிலேயே சேரலாம். ஆனால் நான் மலைக்கு அழைத்துப் போனது ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களை மட்டும்தான். சின்னப் பிள்ளைகள் இரண்டு இரவு தாங்குவார்களா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. பதினான்கு வயதுக்கு மேல் ரோட்டரியின் ரைலா (RYLA) என்ற இளைஞர் தலைமைப் பயிற்சி முகாம்களும் உண்டு, அவற்றில் சில பல நாள் நீளும். என் பிள்ளைகளை நான் இன்னும் அனுப்பிப் பார்க்கவில்லை. முகாமின் பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்பதிலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. மூன்று மாதம் நன்றாகத் தெரிந்தது. அரையாண்டுத் தேர்வு வந்ததும் பாதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை. அதனால் இந்த முறை திரும்பி வந்த மறுவாரமே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை கொடுக்கப் போகிறேன்.

பெண் பிள்ளைகளின் வீட்டில் அனுமதி வாங்குவதுதான் இப்போது மிச்சமிருக்கும் வேலை. கடிதம் அனுப்பினால் கையெழுத்து வருவதில்லை, நேரில் போனால் பாதியாவது இறங்கி வருகிறார்கள். இன்னும் இரண்டு வீடு பாக்கி. வரும் ஞாயிறு அந்த இரண்டு வீட்டுக்கும் போகிறேன். கரண்டி மாற்றிய பெண்ணின் அம்மா என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன ஆண்டு கடைசி நாள் வரைக்கும் கையெழுத்துப் போடாமல் இருந்தவர் அவர்தான்.