இம்பரா, புரூக்லாண்ட்ஸா? பழைய பேருந்துகளுக்காக ஒரு நாள்

இங்கிலாந்தில் பேணிக் காக்கப்படும் பழைய பேருந்துகளைக் காண ஒரு நாள்தான் வாய்த்தது என்றால், சர்ரேயின் புரூக்லாண்ட்ஸில் லண்டன் பேருந்து அருங்காட்சியகம் நடத்தும் வண்டிக் கூடலுக்குப் போகலாம். அல்லது வில்ட்ஷயரில் ஆண்டுக்கு ஒரு நாள், பெரும்பாலும் ஆகஸ்டில், இம்பர் என்னும் ஆளில்லா ஊருக்கு ஓடும் பழைய பேருந்துச் சேவையான இம்பர்பஸ்ஸில் ஏறலாம்.

வண்டியின் உள்ளமைப்பை அறிய விரும்புவோருக்கு, 1907இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தை ஒட்டிய புரூக்லாண்ட்ஸே ஏற்றது. குதிரைப் பேருந்திலிருந்து தொடங்கும் சேகரிப்பை நிதானமாகப் பார்க்கலாம். 1939 முதல் 1954 வரை தயாரான, ஆர்.டி. எனப்படும் லண்டன் மாடிப் பேருந்தில் ஓட்டுநர் சிறு கோலால் அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்வார். வேண்டிய நொடியில் மிதியை அழுத்தினால்தான் அது விழும். அடுத்து வந்த, தனி அடிச்சட்டகமே இல்லாத அலுமினிய உடல் கொண்ட ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்தை அதன் அருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு தலைமுறையில் நிகழ்ந்த மாற்றம் புரிகிறது. லண்டன் கழித்துவிட்ட ஆர்.டி. வகை வண்டிகள் நூற்றுக்கணக்கில் இலங்கைக்குச் சென்று உழைத்தவை என்பதால், தமிழ் வாசகர் பலருக்கு அவை அந்நியமானவையும் அல்ல.

ஆயினும் என் தேர்வு இம்பர்தான். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக மக்கள் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பவே முடியாமல் போன அந்த ஊருக்கு, வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து 2009 முதல் இந்தச் சேவை நடக்கிறது. சாலையோரம் வெடிக்காத குண்டுகள் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள். நடுவே சிவப்பு மாடிப் பேருந்துகளின் வரிசை. எஞ்சி நிற்கும் புனித கைல்ஸ் தேவாலயம். திரளும் கூட்டத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும், இயந்திரத்தை ஆராய நேரமும் இராது, இவை குறைகளே. எனினும் லண்டனின் வழக்கமான சேவையிலிருந்து 2005 டிசம்பர் 9 அன்று விடைபெற்ற ரூட்மாஸ்டர், அங்கே பயணச்சீட்டு வாங்கியவர்களைச் சுமந்து மேடேறுகிறது. பேருந்து அதற்காகத்தானே செய்யப்பட்டது.

செல்பவர்கள் மேல்தளத்தின் முன்னிருக்கைக்கு முந்தாமல், கீழ்த்தளத்தில் பின்பக்கத் திறந்த மேடையை ஒட்டி அமர வேண்டுகிறேன். நடத்துனர் கூரையடிக் கயிற்றை இருமுறை இழுப்பதும், மணி ஒலித்ததும் வண்டி அதிர்ந்து நகர்வதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.