ஒரே சட்டமா, அடுக்குச் சட்டமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் ஆய்வறிக்கை எழுதும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய மூன்று குளங்களின் நீர்மட்டக் கோடுகளையும் ஒரே சட்டத்தில், அதாவது ஒரே வரைபடப் பெட்டியில், ஒன்றின்மேல் ஒன்றாக வரைவதா, தனித்தனிச் சட்டங்களாக அடுக்குவதா? கட்டளை எழுதி வரைபடம் வரையும் மென்பொருளான க்னூபிளாட்டில் இரண்டும் முடியும்.

கட்டளை
ஒரே சட்டம்: 'பிளாட்' ஒன்றே போதும், கோப்புகளுக்கிடையே காற்புள்ளி.
அடுக்கு: முதலில் 'செட் மல்டிபிளாட் லேஅவுட் 3,1', பிறகு மூன்று 'பிளாட்', கடைசியில் 'அன்செட் மல்டிபிளாட்'.

ஒப்பிடும் வசதி
ஒரே சட்டம்: எந்தக் குளம் முதலில் வற்றுகிறது என்பது உடனே தெரியும்.
அடுக்கு: இங்கேதான் கவனம். 'வைரேஞ்ச்' (நிலைக்குத்து அச்சின் எல்லை) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சட்டமும் தன் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு குளத்தின் ஓரடி ஏற்றமும் இன்னொன்றின் பத்தடி ஏற்றமும் ஒரே உயரத்தில் நிற்கும். அச்சு எண்களின் அகலம் மாறினால் இடது ஓரமும் விலகும், 'எல்மார்ஜின்' கொடுத்துப் பூட்டுங்கள்.

அச்சில்
ஒரே சட்டம்: கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியில் நிறங்கள் ஒன்றாகிவிடும். 'டாஷ்டைப்' (கோட்டின் புள்ளி, துண்டு வகை) மாற்றுங்கள், ஐந்தாறு கோடு போனால் அதுவும் உதவாது.
அடுக்கு: தெளிவு. இடம்தான் கூட.

குளங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரே சட்டம், அதுவும் அடியில் அல்ல, கொள்ளளவின் சதவீதத்தில். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரி மழையை மில்லிமீற்றரிலும் குள மட்டத்தை அடியிலும் காட்ட வேண்டுமா? அடுக்குங்கள், மழை மேலே, குளம் கீழே. வலப்பக்க இரண்டாம் அச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எந்தக் கோடு எந்த அச்சுக்கு என்று பார்ப்பவர் தேடிக்கொண்டிருப்பார்.