பசை வேண்டாத ஜிம்னி: கையால் அழுத்திப் பொருத்தும் 1/32 கார் கிட்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில், படிகளுக்குக் கீழே ஒரு வயல்வெளி கட்டாயம் இருக்கும். தாம்பாளத்தில் ஆற்று வண்டலைப் பரப்பி, நாலைந்து நாள் முன்னதாகவே கேழ்வரகைத் தூவி வைத்தால் நவராத்திரிக்குள் நாற்றங்காலைப் போலப் பச்சை கட்டிவிடும்; அதன் நடுவே களிமண்ணில் ஒரு வாய்க்காலும் ஒரு வண்டிப்பாதையும் உண்டு. அந்தப் பாதையில் நிறுத்தக் கடைத்தெருவில் கிடைக்கும் பொம்மைக் கார் எதுவும் அளவில் ஒத்துவரவில்லை என்று என் மகள் சொன்னதன்பேரில்தான் இந்தக் கிட்டை இணையத்தில் வாங்கினேன். ஜப்பானியத் தயாரிப்பு, 1/32 அளவில் மூன்று கதவு சுஸுகி ஜிம்னி, விலை 1,500 ரூபாய்க்குள் அடங்கியது. பாகங்கள் நிறம் கலந்த பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருப்பதால் பெயிண்ட் தேவையில்லை. முளையைத் துளையில் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்வதால் பசையும் தேவையில்லை.

ஜிம்னியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1985இல் மாருதி கொண்டுவந்த ஜிப்ஸி இதே குடும்பத்து வண்டிதான். காவல்துறை ஜிப்ஸியைப் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெட்டி போன்ற உருவம் பழகிய ஒன்று. 2018 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த நான்காம் தலைமுறை வண்டியை இந்தக் கிட் பின்பற்றுகிறது. நம் நாட்டில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது இதன் ஐந்து கதவு வடிவம். ஜப்பானிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே ஓடுவதால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது, அதை மாற்றும் வேலை இல்லை. உண்மை வண்டியின் அகலம் 1,475 மி.மீ., உயரம் 1,725 மி.மீ.; இவற்றை 32ஆல் வகுத்தால் ஏறத்தாழ 46ம் 54ம் வரவேண்டும். கட்டி முடித்தபின் அடிக்கோல் வைத்துப் பார்த்தேன், கணக்கு சரியாகவே வந்தது. ஐந்து துளைக் கிரில்லும், உருண்டை முகப்பு விளக்கும், அதன் ஓரத்தில் தனியே நிற்கும் சின்ன இண்டிகேட்டரும் கச்சிதமாக வார்க்கப்பட்டிருக்கின்றன.

அனுப்பிய விதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விற்பனையாளர் கிட் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மட்டும் சுற்றி அனுப்பியிருந்தார். வந்து சேரும்போது ஒரு மூலை நசுங்கி, இடப்பக்க சைடு மிரரின் முளை முறிந்திருந்தது. படம் எடுத்து அனுப்பியும் மாற்றுப் பாகம் தர இயலாது என்றே பதில் வந்தது. எனவே, மின்கம்பியின் உள்ளிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, குண்டூசியைச் சூடாக்கி மிரரின் அடியில் துளையிட்டு, அந்த இழையையே புது முளையாகச் செருகினேன். இப்போது பழைய முளையைவிட உறுதியாக நிற்கிறது. ஆனாலும், பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பிரித்தவுடன் பழுது பார்க்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வாங்குவோர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கட்டுவது மட்டும் என்றால் ஒரு மணி நேர வேலை. விளக்கத்தாளில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் படங்கள் தெளிவாக இருக்கின்றன. பத்து வயது மகள் உட்பகுதி முழுவதையும் தானே பொருத்திவிட்டாள். பாகங்கள் ஒட்டியபடியே வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைப் பிரிப்பதில்தான் பொறுமை வேண்டும். கையால் திருகிப் பிய்த்தால் அந்த இடம் வெளிறி வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும், கடும்பச்சை உடலில் அது தூரத்திலிருந்தே தெரியும். முதலில் பாகத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு மீந்த குச்சியை ஒட்டி இன்னொரு வெட்டு என்று இரண்டு முறை வெட்ட வேண்டும். நல்ல கட்டர் இல்லாதவர்கள் புது நகவெட்டியைப் பயன்படுத்தலாம், வளைவான வாய் சற்றே மிச்சம் வைத்துத்தான் வெட்டும் என்பதால் அதுவும் பாதுகாப்புதான்.

அந்த மிச்சத்தைத் தேய்க்க எங்கள் தெருமுனைப் பெயிண்டிங் பட்டறையில் வாட்டர் பேப்பர் எனும் மெல்லிய உப்புத்தாள் துண்டுகள் கேட்டேன். பட்டறைக்காரர் 1000, 2000 நம்பரில் கிழித்துக் கொடுத்துவிட்டு, "தண்ணி தொட்டுத் தேய்ங்க தம்பி, காஞ்சாப்ல தேய்ச்சா கோடு விழுந்துரும்" என்றார். அவர் சொன்னபடி தேய்த்து, கடைசியில் பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் எனும் மெருகுப் பசையைத் தொட்டு மெதுவாக வட்டமிட்டபோது, வெட்டிய அடையாளம் மறைந்ததோடு உடல் முழுவதும் உண்மையான கார் பெயிண்டின் பளபளப்பு எழுந்தது. வார்ப்பு பிளாஸ்டிக்கின் பொம்மைத்தனம் போவது இந்த இடத்தில்தான். இதற்குப் பிறகும் உடலுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

ஒரு எச்சரிக்கை. முளைகள் இறுக்கமாக இருப்பதால், "சும்மா வைத்துப் பார்ப்போம்" என்று அழுத்திய பாகத்தைத் திரும்ப எடுப்பது கடினம். எடுத்தால் முளை வெளிறும், சில வேளைகளில் முறியும். முளையின் நுனியைச் சாய்வாகச் சீவிவிட்டால் சரிபார்த்து எடுக்கவும் முடியும், கடைசியில் அழுத்தும்போது பிடியும் குறையாது. அடிச்சட்டத்தை உடலுடன் இணைக்கும் முன் உள்வேலை அனைத்தையும் முடித்துவிடுங்கள்.

விளக்குகளுக்காகக் கொடுத்திருக்கும் ஸ்டிக்கர்களில் எனக்கு நிறைவில்லை. உருண்டை வளைவின் மேல் தட்டையான ஸ்டிக்கர் எப்படி ஒட்டினாலும் ஓரத்தில் சுருங்குகிறது. அவற்றை விட்டுவிட்டு, ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் கிளாஸ் பெயிண்டில் ஆரஞ்சும் சிவப்பும் வாங்கி, பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு சொட்டு வைத்தேன். அந்தச் சொட்டு தானாகவே குழிக்குள் பரவி, மேலே உப்பி, காய்ந்ததும் கண்ணாடி விளக்காகவே ஆகிவிட்டது. பின் பம்பரில் இருக்கும் சிவப்பு விளக்குக்கு மட்டும் இரண்டு பூச்சு வேண்டியிருந்தது. முகப்பு விளக்கின் கண்ணாடி லேசாக ஆடியதால் அவசரத்தில் சூப்பர் குளூ தொட்டு ஒட்டினேன். மறுநாள் காலை அதன் ஆவி படிந்து கண்ணாடி பனி மூடியதுபோல் வெளுத்திருந்தது. பற்பசையை ஈரப் பஞ்சில் தொட்டு அரை மணி நேரம் தேய்த்த பிறகுதான் தெளிந்தது. ஒளிபுகும் பாகங்களுக்கு வெள்ளை ஃபெவிகாலே ஏற்றது, காய்ந்தால் நிறமின்றித் தெளிவாகிவிடும்.

கதவுக் கோடுகளுக்குக் கறுப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி சேர்த்து, மெல்லிய தூரிகையால் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும், மற்ற முனைவரை மை தானே ஓடும். வெளியே வழிந்ததை ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம். இந்த ஒரு வேலையில் கதவு உடலிலிருந்து பிரிந்து நிற்பதுபோல் தெரிகிறது.

நம்பர் பிளேட்டை மாற்றாமல் விட மனம் வரவில்லை. ஜப்பானியப் பிளேட் 330க்கு 165 மி.மீ.; நம் கார்களின் நீளப் பிளேட் 500க்கு 120 மி.மீ. இந்த அளவில் அது 15.6க்கு 3.75 மி.மீ. ஆகிறது. ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கர் தாளில் டி.என். 68 என்று அச்சிட்டு வாங்கி, சாமணத்தால் பிடித்து முன்னும் பின்னும் ஒட்டினேன். பின்பக்கம் பிளேட்டுக்கான இடம் அகலம் போதாது, ஓரத்தைச் சிறிது கத்தரிக்க வேண்டியிருந்தது.

கடைசியாகச் சேறு. கொலு வயலுக்கு எடுத்த அதே காவிரி வண்டலை வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, அந்த மாவைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் குழைத்துச் சக்கர வளைவின் உட்புறத்திலும் டயரின் பள்ளங்களிலும் தடவினேன். ஈரத்தில் கறுத்திருந்த வண்டல் காய்ந்ததும் சாம்பல் பூத்த பழுப்பாக வெளிறுகிறது. நடவுக் காலத்தில் வயலோரப் பாதையில் போய்வந்த எந்த வண்டியிலும் காணும் நிறம் அதுதான். அதன்மேல் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பவர்கள் மழை மூட்டமான நாளைத் தவிர்க்க வேண்டும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பூச்சு பால்போல வெளுத்துவிடும். நான் புரட்டாசி நடுப்பகல் வெயிலில் அடித்தேன்.

குறைகளும் உண்டு. பானெட் திறக்காது, எஞ்சின் கிடையாது, முன்சக்கரங்கள் திரும்பா. இருக்கைகள் ஒரே சாம்பல் நிறம். கண்ணாடி வழியே பார்த்தால் தெரியும் என்பதால் போஸ்டர் கலரால் அவற்றுக்குக் கறுப்புக் கரை வைத்தேன். எஞ்சின் வேலையில் ஆர்வம் உள்ளவர்கள் பசையிட்டு ஒட்டும் 1/24 கிட்டுக்கே போகலாம். முதன்முறையாகக் கட்டுபவர்களுக்கும், குழந்தையோடு உட்கார்ந்து கட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

பாகங்கள் எடுத்தபின் மீந்த சட்டத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். குத்துவிளக்குச் சுடருக்கு ஒரு விரற்கடை மேலே ஒரு துண்டைப் பிடித்து, நடுப்பகுதி இளகியதும் இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். என் மகள் மூன்றாவது முயற்சியில் இழுத்த இழையைத்தான் ஆன்டெனாவாக வைத்திருக்கிறோம். அவள் பாதையில் வண்டியை நிறுத்தியபோது கேழ்வரகு நாற்று கதவின் பாதி உயரத்துக்கு வளர்ந்திருந்தது.