சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு எந்தக் காலிபர்? நீண்ட நாள் புழக்கத்தில் தெரியவருபவை

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ‘எது பலமான தோட்டா’ என்றுதான். சில ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டு முடித்தவரின் கேள்விகள் வேறு. கை வலிக்காமல் நாள் முழுக்கச் சுட முடிவது எது? குறி வைத்த இடத்திலேயே படுவது எது? தோட்டா உட்காரும் சிலிண்டர் அறையைச் சுத்தமாக வைத்திருக்க விடுவது எது? ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டிய துப்பாக்கி இது. சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளையும் பக்கக் கதவு வழியாகத் தள்ளுகம்பியால் ஒவ்வொன்றாகத்தான் வெளியேற்ற வேண்டும். இந்த நிதானத்துக்குப் பொருந்தும் காலிபர், அதாவது தோட்டா அளவுதான், கடைசிவரை கையில் தங்கும்.

ஒரே ஒரு துப்பாக்கிதான் என்றால் .357 மேக்னம். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. 1935இல் வந்த இந்தத் தோட்டாவின் அறையில் .38 ஸ்பெஷலும் போகும். அழுத்த வரம்பு .357க்கு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்), .38க்கு 17,000. ஒரே சிலிண்டரில் பாதிக்குப் பாதி இறங்கி வர முடிகிறது. ஒரே அளவுச் சட்டத்தில் (துப்பாக்கியின் உடற்பகுதி, ஃபிரேம்) செய்த .45ஐவிட .357 எடை கூடியதாகவும் இருக்கும். துளை சிறியது என்பதால் சிலிண்டரிலும் குழலிலும் எஃகு அதிகம் மிஞ்சுகிறது. அந்த எடையில் .38 சுட்டால் உதைப்பு மிகக் குறைவு.

இதில் வரும் தொல்லை, அறைக்குள் படியும் கரி வளையம். .38 கூடு .357 கூட்டைவிட 0.135 அங்குலம் குட்டை. அதன் வாய் முடியும் இடத்தில் கரி, ஈயம், மசகு மூன்றும் சேர்ந்து இறுகிவிடும். சில நூறு .38 சுட்டபின் .357 போட்டால் கடைசியில் விரலால் அழுத்தித்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும். சுட்டதும் கூடு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டரைக் கழற்றி, அறைகளில் கரைப்பானை ஊற வைத்து, அறையைவிடச் சற்றே பெரிய வெண்கலத் தூரிகையைச் சுழற்றித் தேய்த்தால் வளையம் விட்டுவிடும். ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் மீண்டும் நிரப்பும் வேலை, செய்பவருக்கு இதைவிட நல்ல வழி உண்டு: மென்மையான தோட்டாவையும் .357 கூட்டிலேயே, அதற்கான ரீலோடிங் கையேட்டு அளவில் தயாரித்துக்கொள்வது. வளையம் உருவாகவே செய்யாது.

.45 கோல்ட் 1873இல் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியுடன் வந்தது. அன்றைய நிரப்பல் 40 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) கரிமருந்து, 255 கிரெய்ன் ஈயக் குண்டு. இன்றைய வரம்பு 14,000 பிஎஸ்ஐதான். உதைப்பு வெடுக்கென்று அடிக்காது, உள்ளங்கையைத் தள்ளும். ஏர்க்கைப்பிடி போல வளைந்த பிடி கையில் உருண்டு மேலெழும். சுட இன்பமான தோட்டா இது. ஆனால் ரீலோடிங் செய்யாதவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம், செய்பவரும் சிலவற்றில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, அறைத் தொண்டையின், அதாவது குண்டு வெளியேறும் அறையின் முன்பகுதியின், அளவு. இன்றைய குழல்களுக்கான ஈயக் குண்டு பெரும்பாலும் 0.452 அங்குலம், பழைய குழல்களுக்கு 0.454. தொண்டை குழலின் வரிப்பள்ளத்தைவிட (குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய பள்ளம்) சிறியதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி, குழலுக்குள் தளர்வாகப் போகும். சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கி, குழலின் தொடக்கத்திலேயே அப்பிவிடும். குறி சிதறுவதற்கு இதுதான் முதல் காரணம். பலர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்து வீணாக அலைகிறார்கள். சோதனை எளிது. சிலிண்டரைத் தனியே எடுத்து, 0.452 குண்டை முன்பக்கத்திலிருந்து தொண்டைக்குள் விரலால் தள்ளுங்கள். லேசான அழுத்தத்தில் போனால் சரி. தானாக விழுந்தால் தொண்டை பெரிது. போகவே மறுத்தால் துப்பாக்கித் தொழில்நுட்பரிடம் கொடுத்து ஆறு தொண்டைகளையும் ஒரே அளவுக்கு விரிக்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டின் கொள்ளளவு. கரிமருந்துக்காகச் செய்த பெரிய கூட்டில் இன்றைய வேகமான மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் உறைக்காது. குண்டை வைக்கும் முன் தட்டில் உள்ள எல்லாக் கூடுகளுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. இடத்தை நன்றாக அடைக்கும் பருமனான மருந்து இன்னும் நல்லது.

மூன்றாவது, கையேடுகளில் ‘ரூகருக்கு மட்டும்’ என்று தனியாகக் கொடுத்திருக்கும் கனமான .45 நிரப்பல்கள். அவை ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹாக் போன்ற பெரிய சட்டத்துக்கானவை. கோல்ட் அளவுத் துப்பாக்கிகளிலும், 2005இல் சட்டம் சிறிதாக்கப்பட்டு வந்த ரூகரின் நியூ வக்கேரோவிலும் போடக் கூடாது. .45 அறையைச் சுற்றியுள்ள சுவர் மெல்லியது. பல ஆறறைச் சிலிண்டர்களில் சிலிண்டரைச் சரியான இடத்தில் பூட்டும் நிறுத்துபள்ளம் அறையின் மேலேயே வெட்டப்பட்டிருப்பதால் அந்த இடம் இன்னும் மெல்லியது.

.44-40இன் கூடு மெல்லிய கழுத்து உடையது. சுடும்போது விரிந்து அறையை இறுக அடைத்துக்கொள்வதால், கரிமருந்து சுடுபவருக்கு இதைவிடச் சுத்தமான தோட்டா கிடைக்காது. அதே மெல்லிய கழுத்து ரீலோடிங் கருவியில் சற்றுக் கோணலாக நுழைந்தாலும் கசங்கிவிடும். கழுத்து குறுகிய கூடு என்பதால் ஒவ்வொன்றுக்கும் மசகு தடவ வேண்டும். பொறுமையுள்ளவருக்கு மட்டும்.

.44 மேக்னத்தை வாங்கியவர்களில் பலர் கடைசியில் அதில் .44 ஸ்பெஷல் (அதன் குட்டையான, மென்மையான முன்னோடி) அளவில்தான் சுடுகிறார்கள். அதுவே நல்ல பயன்பாடு. முழு வேகத்தில் சுட்டால் துப்பாக்கியும் சேர்ந்து அடி வாங்கும். சிலிண்டரின் அச்சுக்கம்பி உதைப்பில் முன்னால் நகரும். அதன் பூட்டுக்கு வலுவான சுருள்வில் போட வேண்டும். தள்ளுகம்பி உறையின் திருகு தளரும். நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும். கூட்டின் வாய் குண்டின் பள்ளத்துக்குள் நன்றாக மடிக்கப்படாவிட்டால், சுடாத தோட்டாக்களில் குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரையே சுழல விடாமல் பூட்டிவிடும். புதிய நிரப்பலில் ஐந்து சுட்டு, ஆறாவதன் நீளத்தை அளந்து பாருங்கள்.

.22இல் லாங் ரைஃபிளுக்கு ஒன்று, மேக்னத்துக்கு ஒன்று என இரட்டைச் சிலிண்டர் உள்ளதையே வாங்குங்கள். .22 லாங் ரைஃபிளை மேக்னம் சிலிண்டரில் சுடக் கூடாது. அறை பெரிது, கூடு பிளந்துவிடும். .357க்கு 9 மிமீ, .45 கோல்டுக்கு .45 ஏசிபி என மாற்றுச் சிலிண்டர்களும் உண்டு. தள்ளுகம்பி கூட்டின் உள்ளிருந்து தள்ளுவதால் விளிம்பில்லாத இந்தக் கூடுகளுக்குப் பிடிப்பான் எதுவும் தேவைப்படாது. ஒரு துப்பாக்கிக்குப் பொருத்திய சிலிண்டரை இன்னொன்றில் மாட்டாதீர்கள்.

எந்தக் காலிபரானாலும், பழைய கோல்ட் அமைப்பென்றால் ஐந்துதான் நிரப்ப வேண்டும். சுத்தியல் காலி அறையின் மேல் இருக்க வேண்டும். 1973க்குப் பிந்தைய ரூகர்களில் உள்ள இடைப்பட்டை (விசையை இழுத்தால் மட்டும் எழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும் பட்டை) இருந்தால் ஆறும் போடலாம்.

குறிபார்க்கும் முனை திருத்த முடியாதபடி நிலையாக உள்ள துப்பாக்கியில் ஒரே நிரப்பலில் நிலைத்துவிடுங்கள். மெதுவான கனத்த குண்டு குழலை விட்டு வெளியேறும் முன் உதைப்பில் வாய் அதிகம் உயர்ந்துவிடுவதால் மேலே படும். வேகமான இலகுக் குண்டு கீழே படும். .38இன் 158 கிரெய்னும் .357இன் 110 கிரெய்னும் ஒரே இடத்தில் படாது. நிரப்பல் முடிவான பிறகே முன்குறியில் அரம் வைக்க வேண்டும். குண்டு கீழே பட்டால், எவ்வளவு கீழே என்பதைக் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். 25 மீட்டரில் 75 மிமீ கீழே, குறிகளுக்கிடையே 165 மிமீ என்றால் தேய்க்க வேண்டியது சுமார் அரை மில்லிமீட்டர். பாதியைத் தேய்த்து, ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்து, மீதியைப் பிறகு தேய்க்கலாம்.