உப்புவெளி மணலில் பொடுதலை: புல்தரைக்கு மாற்றாக ஒரு மதிப்பீடு

உப்புவெளி போன்று கடலை அண்டிய திருகோணமலை ஊர்களின் வளவுகளில் புல்தரை வைத்திருப்பவர்களின் பாடெல்லாம் தண்ணீரோடுதான். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அனலாக வீசும்போது, மணலில் காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நகரில் பரவலாக விற்கப்படும் மலேசியன் புல், வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அகன்ற இலைப் புல். ஈரமும் சற்று நிழலும் இருந்தால்தான் செழிக்கும். கந்தளாயிலிருந்து வரும் குடிநீரை அதற்கு ஊற்றிக்கொண்டிருப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆகவே எங்கள் வீட்டு முன்முற்றத்தில் புல்லை நீக்கிவிட்டுப் பொடுதலையைப் படரவிட்டோம். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த நிலையில், நட எண்ணுபவர்களுக்காக அதன் நிறைகுறைகளை இங்கே பதிவு செய்கிறேன்.

பொடுதலை நமக்கு அந்நியமான செடி அல்ல. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுபவர்களும் துவையல் அரைப்பவர்களும் அதைக் குளக்கரையிலும் வயல் வரம்பிலும் தேடிப் பறிப்பார்கள். ஃபைலா நோடிஃபுளோரா என்பது அதன் தாவரவியற் பெயர். ஜப்பானின் உட்சுனோமியா பல்கலைக்கழகத்தில் இதே இனத்திலிருந்து உருவாக்கப்பட்ட குராபியா என்னும் வகை, கலிபோர்னியா போன்ற வறண்ட நிலங்களில் புல்லுக்குப் பதிலாக விலைக்கு விற்கப்படுகிறது. அதன் உறவுச்செடி இங்கே வாய்க்கால் ஓரங்களில் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் காணும்போது, நம்முடைய பூங்கன்று விற்பனையாளர்கள் அதை ஒரு பொருட்டாகவே கொள்ளாதது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதன் வலிமையெல்லாம் கணுவில் இருக்கிறது. தண்டு தரையோடு ஒட்டி ஓடும்போது கணுவுக்குக் கணு வேர் இறங்கி மணலைப் பற்றிக்கொள்வதால், ஓரிடத்தில் காய்ந்தாலும் அடுத்த கணுவிலிருந்து கொடி தொடர்ந்து போகிறது. இலை சிறியது, தடித்தது, நுனிப்பாதியில் மட்டும் பல் வெட்டியது. பூங்கொத்தைக் குனிந்து பார்த்தால் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு முனையும், அதைச் சுற்றி வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நுண்பூக்களின் வளையமும் தெரியும். கீழ்ப்பூக்கள் உதிர உதிர மேலே புது வளையம் விரிந்து, கடைசியில் கொத்து திப்பிலியைப் போல நீண்டுவிடுகிறது. காலை வெயில் ஏறியதும் தேனீக்களும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் அதை மொய்க்கின்றன. வெயிலில் விரலளவு உயரத்துக்கு மேல் எழும்பாததால், பாம்புக்குப் பயந்து முற்றத்தை வெறும் மணலாகவே கூட்டி வைத்திருக்கும் வீட்டாருக்கும் இதில் அச்சம் குறைவு. மாரியில் சில நாள் தண்ணீர் தேங்கி நின்றபோதும் செடி அழுகவில்லை. கோடையில் எங்கள் கிணறு சற்றுச் சவர்ப்படும்; அந்த நீரையே இடைவிட்டு ஊற்றினோம், தாங்கிக்கொண்டது. ஆனால் அக்காலத்தில் இலைகள் இன்னும் சிறுத்து, ஓரம் சிவந்து, பசுமை மங்கித்தான் இருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே பச்சை வேண்டும் என்பவர்கள் ஏமாறுவார்கள்.

குறைகளும் உண்டு. பிள்ளைகள் நாள்தோறும் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு இது பொருந்தாது. ஓடும் தடம் முழுவதும் மணல் வெளிப்பட்டுவிடும். தேனீக்கள் வருவதால் வெறுங்காலோடு நடப்பவர்கள் பூக்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். அல்லது பூக்களை வெட்டிவிட வேண்டும். வேப்பிலையும் மாவிலையும் உதிர்ந்தால் ஈர்க்குமாறால் கூட்ட முடியாது, கொடி சிக்கிக்கொள்ளும். மாமர நிழலில் தண்டு மெலிந்து, இலைகளுக்கிடையே இடைவெளி விழுந்து, தரை மூடுவதே இல்லை.

நிழலுக்கென்று விற்பனை நிலையங்களில் பரிந்துரைக்கப்படுவது, மஞ்சள் பூப் பூக்கும், கச்சான் எனப்படும் நிலக்கடலையின் இனமான அராக்கிஸ் பின்டோய். பிரேசிலில் 1954ஆம் ஆண்டில் சேகரிக்கப்பட்ட இச்செடி, வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் உதவியால் காற்றின் நைதரசனை மண்ணுக்குச் சேர்ப்பது. அழகிலும் பொடுதலையை விஞ்சியது என்றே சொல்வேன். ஆனால் தென்னமெரிக்காவில் அதைக் கால்நடைத் தீவனமாகவே வளர்க்கிறார்கள். பிரெட்றிக் கோட்டையைச் சுற்றி நகருக்குள் புள்ளிமான்கள் உலாவும் ஊர் இது. மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மதிலும் படலையும் இல்லாத வளவில் அதை நடுவது அவற்றுக்கு விருந்து வைப்பதுதான். பொடுதலையையும் கடிக்கக்கூடும், ஆயினும் மண்ணோடு ஒட்டிய தண்டு தப்பிப் பிழைத்துத் துளிர்க்கும்.

வெடேலியா என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும், மஞ்சள் பூவும் மினுங்கும் இலையும் கொண்ட கொடியை மட்டும் யாரும் வாங்கி நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. வெட்டி எறிந்த துண்டும் வேர் விட்டுவிடும். வேலியைத் தாண்டினால் கடற்கரையில் மணலைக் கட்டிக் காக்கும் அடம்பன் கொடியின் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வேகமாகப் படரும் என்று சொல்லி விற்பவர்கள், எங்கே நிற்கும் என்பதைச் சொல்வதில்லை.

பொடுதலையை நட விரும்புவோர் புரட்டாதிக்குள் நிலத்தை ஆயத்தம் செய்துவிட வேண்டும். கோரைக்கிழங்கைக் கிண்டி எடுக்காமல் நட்டால் பின்னர் கொடிக்குள்ளிருந்து கோரையைப் பிடுங்கியே ஓய்ந்துபோவோம். இதில் சோம்பல் கூடாது. மக்கிய மாட்டெருவை மெல்லிதாகத் தூவி, மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில், இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால், ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். துண்டுகளைத் தெரிந்த வளவிலிருந்தோ குளக்கரையிலிருந்தோ எடுப்பது நல்லது. களைநாசினி அடித்த வரம்பிலும் கழிவுநீர் வாய்க்காலிலும் எடுக்க வேண்டாம், ஏனென்றால் வீட்டில் படர்ந்த பிறகு யாரேனும் துவையலுக்குப் பறிக்காமல் இருக்கப் போவதில்லை. பாதையோரத்தில் செங்கல்லைக் குத்திட்டுப் பதித்து, அதைத் தாண்டும் கொடிகளை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். நறுக்கிய துண்டுகள் அயல்வீட்டாருக்கு நடுகைக்கு உதவும்.