அடிசனும் கானும்: உப்பு தங்காத உடலும் உப்பை விடாத உடலும்

மும்பை மாட்டுங்காவின் மே மாதப் புழுக்கத்தில் யாருக்குமே தலை சுற்றும். ஆனால் எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது, எடை குறைகிறது, ஊறுகாயை அள்ளித் தின்னத் தோன்றுகிறது, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கின்றன என்றால் அடிசன் நோயைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பழுதாகி, அது சுரக்கும் ஹார்மோன்களான கார்டிசாலும், உடலில் உப்பைத் தக்கவைக்கும் அல்டோஸ்டிரோனும் குறைந்துவிடுகின்றன. அல்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் சோடியம் சிறுநீரில் போகும், தண்ணீரும் கூடவே போகும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். நம் நாட்டில் காசநோயும் இதற்கு முக்கியக் காரணம். தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய் இது.

நூறு ஆண்டு கழித்து, 1955இல் ஜெரோம் கான் எழுதியது நேரெதிரான நோய், அவர் பெயராலேயே கான் நோய்: அல்டோஸ்டிரோன் மிகை. உப்பு தங்குகிறது, மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காது. பொட்டாசியம் குறையலாம், பலருக்கு இயல்பாகவே இருக்கும், அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது. ரத்தத்தில் அல்டோஸ்டிரோனுக்கும், அதைத் தூண்டும் சிறுநீரகச் சுரப்பான ரெனினுக்கும் உள்ள விகிதம் பார்த்தால் துப்பு கிடைக்கும்.

கான் நோயில் ஒரு பக்க அட்ரினலில் கட்டி என்றால் அறுவை சிகிச்சை, இரு பக்கமும் மிகையாகச் சுரந்தால் அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை. அப்பளம், ஊறுகாயைக் குறைக்கத்தான் வேண்டும், பாவம்! அடிசனுக்கோ ஆயுள் முழுக்க கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன், பெரும்பாலும் அல்டோஸ்டிரோனுக்கு ஈடாக ஃப்ளூட்ரோகார்டிசோனும். அவசரம் என்று பார்த்தால் அடிசன்தான்: காய்ச்சலின்போது மருத்துவர் சொன்னபடி ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்டாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.