யூதக் கல்யாண மோதிரம்: கல்லு வச்சதா, வெறும் வளையமா?

ஆபீஸ்ல என் பக்கத்து சீட் பையன் யூதன், அடுத்த மாசம் கல்யாணம். உங்காளுங்களுக்குத்தான் தங்கம் பத்தி நல்லாத் தெரியுமே, கூட வாங்கன்னு என்னைய நியூயார்க் 47வது தெருவுக்கு இழுத்துட்டுப் போயிட்டான். அஞ்சாவது அவென்யூக்கும் ஆறாவது அவென்யூக்கும் நடுவுல அந்த ஒரு பிளாக் முழுக்க நகைக்கடைதான், வாசல்லயே ஆள் நின்னு கைய புடிக்காத குறையா கூப்பிடுறாங்க. நான் நேரா வைர மோதிரத் தட்டு பக்கம் போனேன், அவன் "அது வேணாம்"னுட்டான்.

ஏன்னு கேட்டாத்தான் விஷயம் புரிஞ்சுது. பந்தலுக்கு கீழ (ஹுப்பான்னு சொல்றாங்க) மாப்பிள்ளை பொண்ணுக்குப் போடுற மோதிரம் அவங்க சட்டப்படி ஒரு பெறுமானமுள்ள பொருள். அதைக் குடுத்து அவ வாங்கிக்கிட்டாத்தான் கல்யாணம். எவ்வளவு பெறுமானம்னு மிஷ்னாங்கிற அவங்க பழைய சட்டத் தொகுப்புலயே சண்டை, ஷம்மாய்ங்கிற குருவோட கட்சி ஒரு தினார் வெள்ளிக்காசுங்குது, ஹில்லேல்ங்கிற குருவோட கட்சி பெருத்தாங்கிற சின்னக் காசு ஒண்ணு போதும்ங்குது, ஹில்லேல்தான் ஜெயிச்சாரு. பெருத்தான்னா சுமார் 25 மில்லிகிராம் வெள்ளியோட மதிப்பு, அதாவது ஒரு குன்றிமணி எடையில அஞ்சுல ஒரு பங்கு, அவ்ளோதான்! ஆனா பொண்ணு என்ன விலைன்னு நினைச்சு வாங்குறாளோ அதுல ஏமாத்து இருக்கக்கூடாது. வைரம் வச்சா ஆயிரம் டாலர்னு நினைச்சிருப்பா, கடைசில அது கண்ணாடிக் கல்லா இருந்தா கல்யாணமே செல்லுமான்னு கேள்வி வந்துரும். அதனாலதான் 12ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்த ரபேனு தாம்ங்கிற யூதச் சட்ட அறிஞர் கல்லு வேணாம்னாரு, அப்படியே வழக்கமாயிடுச்சு. சோ வைரம் வேணும்னா நிச்சயத்துக்குப் போடு, பந்தலுக்கு கொண்டு வராதே. நமக்கு ஒரு நகைய பாத்து இது எவ்ளோ இருக்கும்னு ஊர் வாயப் பொளக்கணும், இங்க பாத்தவுடனே விலை தெரியணும், அப்படியே தலைகீழ்.

சரி வெறும் வளையம், எந்த உலோகம்? இங்கதான் எங்களுக்குள்ள வாக்குவாதம். அவனுக்கு ஒயிட் கோல்டு ஆசை. அது பளபளன்னு இருக்கறது மேல பூசின ரோடியம்ங்கிற வெள்ளை உலோகத்தால, தினம் போட்டா ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே பூச்சு தேஞ்சு லேசா மஞ்சள் எட்டிப் பாக்கும், திரும்ப முலாம் போடணும். அதோட பாக்கறவங்களுக்கு பிளாட்டினமா வெள்ளியான்னு குழப்பம் வரும், பெறுமானக் கணக்குக்கு அது ஆகாதே. பிளாட்டினம் 95 சதவீதம் சுத்தம், பூச்சு பிரச்சினை இல்ல, ஆனா கையில கனமா உக்காரும், கீறலும் விழும். நான் சொன்னது 14 காரட் மஞ்சள் தங்கம். 58 சதவீதம்தான் தங்கம், 22 காரட் பாத்த கண்ணுக்கு கொஞ்சம் வெளுப்பாத்தான் தெரியும், ஆனா கெட்டி, சீக்கிரம் வளையாது. 18 வாங்கலாம், காசு இருந்தா.

கடைக்காரர் நடுவுல வீடு மாதிரி குட்டிக் கோபுரம் வச்ச மோதிரம் ஒண்ணு காட்டினாரு. பிரான்ஸ்ல கொல்மார்ங்கிற ஊர்ல 1863ல ஒரு சுவத்துக்குள்ள கிடைச்ச புதையல்ல இருந்த மோதிரத்தோட காப்பியாம், பிளேக் காலத்துல யாரோ யூதக் குடும்பம் ஒளிச்சு வச்சது, கூரைல "மஸல் தோவ்"னு (நல்வாழ்த்துன்னு அர்த்தம்) எபிரேய எழுத்து. அசல் பாரிஸ் க்ளூனி மியூசியத்துல இருக்கு. அழகுன்னா அழகு, ஆனா அதைப் போட்டுட்டு ஒரு பாத்திரம் தேய்க்க முடியுமா சொல்லுங்க. ஓட்டை ஓட்டையா ஜாலி வேலை செஞ்சதும் இருந்துச்சு, விலை குறைவு, ஆனா அவங்க வீட்டுப் பெரியவங்க இடைவெளி இல்லாத முழு வட்டம்தான் நல்லதும்பாங்கன்னு அதையும் தள்ளிட்டான்.

பாட்டி மோதிரம் வீட்டுல இருக்கே, அதைப் போட்டா காசு மிச்சம்லன்னு கேட்டேன். போடலாம், ஆனா இரவலா கூடாது, பாட்டி அவனுக்கே சொந்தமா குடுத்துடணும், கல்யாணத்துக்கப்புறம் திருப்பிக் கேக்கக்கூடாது. அவங்க பாட்டிய எனக்குத் தெரியும், ரிஸ்க்.

கடைசில 14 காரட் மஞ்சள், 4 மில்லிமீட்டர் அகலம். உள்பக்கம் எழுத்து மட்டும் வெட்டச் சொன்னான், பைபிள்ல உன்னதப்பாட்டு 6:3, "நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர்", எபிரேயத்துல. ரெண்டு நாள் கழிச்சு வாங்கப் போனா வலமிருந்து இடமா எழுதுற எபிரேயத்த மெஷின் சாஃப்ட்வேர் இடமிருந்து வலமா போட்டு வச்சிருக்கு, மொத்த வரியும் திரும்பிக் கிடக்கு! தேச்சு எடுத்து திரும்ப வெட்டினாங்க. எபிரேயம் வெட்டக் குடுத்தா படமா குடுங்க, டைப் பண்ணிக் குடுக்காதீங்க.

சைஸ் விஷயம் ஒண்ணு பாக்கி. பந்தல்ல போடுறது வலது கை ஆள்காட்டி விரல்ல, அப்புறம்தான் பொண்ணு மோதிர விரலுக்கு மாத்திக்குவா. அவன் மோதிர விரல் அளவு மட்டும்தான் கொண்டு வந்திருந்தான், ஆள்காட்டி மூட்டுல மாட்டிக்கிட்டா என்னடா பண்ணுவன்னு கேட்டேன். முதல் கணு வரைக்கும் போனா போதும்ணேன்னு சிரிக்கிறான்.